வேண்டுதலில் பணிவு: ஆயக்காரன் உவமையும் தமிழ்ப் பக்திமொழியும்

லூக்கா எழுதிய நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆறே வசனங்களில் அடங்கிவிடும் உவமை ஒன்றுண்டு. இருவர் வேண்டுதல் செய்யக் கோயிலுக்குச் செல்கின்றனர். ஒருவன் பரிசேயன், மற்றவன் ஆயக்காரன். முன்னவன் தன் நோன்பையும் கொடையையும் எடுத்துரைத்து, தான் பிறரைப் போன்றவனல்லன் என்பதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறான். பின்னவன் தொலைவில் நின்று, விண்ணை ஏறிட்டும் பாராமல், மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய தனக்கு இரங்குமாறு வேண்டுகிறான். இவ்விருவருள் பின்னவனே இறைவனுக்கு ஏற்றவனாக வீடு திரும்பினான் என்று கூறிக் கதையை முடிக்கிறார் இயேசு.

இக்கதையைப் பயிற்றுவோர் பெரும்பாலும் செருக்கு தாழ்த்தும், பணிவு உயர்த்தும் என்னும் நீதியைப் பிழிந்தெடுத்துக்கொண்டு சக்கையை எறிந்துவிடுகின்றனர். அந்நீதி தவறன்று, உவமையின் இறுதியிலேயே அது சொல்லப்பட்டுள்ளது. ஆயினும் அந்நீதி ஒன்றற்காகத் தமிழ் மாணவன் லூக்காவிடம் செல்ல வேண்டுவதில்லை. வள்ளுவரின் அடக்கமுடைமை அதிகாரமே அவனுக்குப் போதும். இவ்வுவமையின் தனிச்சிறப்பு வேறோரிடத்தில் உளது. இஃது இருவர் குணத்தை வருணிக்கும் கதை மட்டுமன்று. இரண்டு வேண்டுதல்களை அருகருகே வைத்து, இவற்றுள் எது வேண்டுதல் என்று வினவும் பனுவலுமாகும். செய்யுளொன்றை எழுவாய், பயனிலை, வேற்றுமை, விகுதி எனப் பிரித்து ஆராய்வது போல அவ்விரண்டையும் ஆராய்ந்தால், கிறித்தவம் வேண்டுதலில் எதனைப் பணிவு என்கிறது என்பது புலனாகும். தாழ்மைச் சொற்கள் மலிந்த நம் பக்திமொழிக்கு அவ்வாய்வு ஒரு வினாவையும் எழுப்பும்.

முதற்கண் இவ்விருவரும் யாவர் என்பதைத் தெளிதல் வேண்டும். பரிசேயன் என்றவுடன் வேடதாரி என்று பொருள்கொள்வது பிற்கால வழக்கு. முதல் நூற்றாண்டு யூதரிடையே பரிசேயர் மறைநூலை ஓதியுணர்ந்து அதனை அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்க முயன்ற, மக்களின் மதிப்பைப் பெற்ற பிரிவினர். மோசேயின் சட்டம் ஆண்டிற்கு ஒரு நாள், பாவநிவாரண நாளன்று, நோன்பு நோற்கப் பணித்தது. இவனோ வாரத்திற்கு இருமுறை நோற்கிறான். தன் வருவாய் முழுவதிலும் பத்தில் ஒன்றைக் கொடுக்கிறான். அவன் கூற்றில் பொய் இருப்பதாக உவமை யாண்டும் கூறவில்லை. ஆயக்காரனோ உரோமப் பேரரசின் கீழிருந்த நாட்டில் சுங்கமும் தீர்வையும் தண்டியவன். மேலிடத்திற்குச் சேரவேண்டியதற்கு மிகுதியாகத் தண்டித் தன் பையை நிரப்பிக்கொள்ள இடந்தந்த முறை அது. ஊரார் அவனை வெறுத்தமைக்குக் காரணம் இருந்தது. இக்கதையை முதலிற் கேட்டவர்கள் அதன் முடிவைக் கேட்டு மகிழ்ந்திருக்க மாட்டார்கள், திடுக்கிட்டிருப்பார்கள். நாம் திடுக்கிடாமைக்குக் காரணம், கதை தொடங்குமுன்பே நாம் ஆயக்காரன் பக்கம் சாய்ந்துவிடுவதுதான். அவ்வாறு சாய்ந்தவுடன், அந்தப் பரிசேயனைப் போல் யான் இல்லையே என்று நம் உள்ளம் நன்றி கூறத் தொடங்கிவிடுகிறது என்பதையும் நாம் உணர்வதில்லை.

இனி அவர்தம் கூற்றுகளை நோக்குவோம். கிரேக்க மூலத்தில் பரிசேயனின் வேண்டுதல் 29 சொற்களால் ஆனது; ஆயக்காரனுடையது 6 சொற்களால் ஆனது. நீளம் ஈண்டுப் பெரிதன்று. நீண்ட வேண்டுதலும் பணிவுடையதாக இருத்தல் கூடும். வினைமுற்றுகளே கருதத்தக்கவை. பரிசேயன் வாக்கில் வினைமுற்றுகள் ஐந்து. ஐந்தும் தன்மை ஒருமை. கிரேக்கமும் தமிழைப் போலவே வினைவிகுதியால் எழுவாயை உணர்த்த வல்ல மொழி. ஆதலின் 'நான்' என்னும் பெயர் அவன் வாக்கில் ஓரிடத்தும் வெளிப்படையாக வரவில்லை. ஆயினும் ஒவ்வொரு விகுதியிலும் அது குடியிருக்கிறது. தமிழில் நம் போக்கிற் சொல்லிப் பார்த்தால் நன்றி செலுத்துகிறேன், பிறரைப் போல் அல்லேன், நோன்பு நோற்கிறேன், பதின்கூறு அளிக்கிறேன், ஈட்டுகிறேன் என ஐந்து 'ஏன்' விகுதிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஆங்கிலத்திற் படிப்பவனுக்கு அவ்வெழுவாய் தனிச் சொல்லாகவே கண்ணிற் பட்டுவிடும். தமிழ் மாணவனுக்கோ விகுதியைச் சுட்டிக்காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும்.

அவ்வாக்கில் இறைவன் எங்கே இருக்கிறார்? தொடக்கத்தில் விளியாக ஒருமுறை வருகிறார். அடுத்து, 'உமக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒருமுறை வருகிறார். அதன்பின் அவரைக் காணவில்லை. நான்காம் வேற்றுமை கொள்பவனைக் குறிக்கும் வேற்றுமை என்பது நாம் அறிந்ததே. பரிசேயனின் வாக்கியத்தில் கொடுப்பவன் பரிசேயன்; நன்றியைக் கொள்பவர் இறைவன். அவன் எதையும் கேட்கவில்லை என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். கேட்பதற்கு அவனிடம் குறையொன்றும் இல்லை. மேலும், உவமப்பொருள் தரும் இடைச்சொற்கள் அவன் வாக்கில் இரண்டு உள்ளன. ஒன்று ஏனைய மாந்தரைச் சுட்டுவது. மற்றொன்று அருகில் நிற்கும் இந்த ஆயக்காரனைச் சுட்டுவது. அவன் இறைவனை விளித்துப் பேசினாலும், கண் பக்கவாட்டில் போய்விட்டது. அவன் தன்னோடு பேசினான் என்றோ தனித்து நின்று பேசினான் என்றோ இருவகையாகப் பொருள்கொள்ளுமாறு லூக்காவின் சொல்லமைப்பு உளது. எவ்வகையிற் கொண்டாலும் குறிப்பு ஒன்றே.

ஆயக்காரனின் வாக்கில் வினை ஒன்றே ஒன்று. அது முன்னிலை ஏவல். உயர்ந்தோனை நோக்கி வருதலின் வேண்டற்பொருளது. அதன் எழுவாய் இறைவன். வேண்டுபவன் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமைக்கு இறங்கிவிடுகிறான். பரிசேயன் இறைவனை எந்த இடத்தில் இருத்தினானோ அந்த இடத்தில் ஆயக்காரன் தான் போய் நிற்கிறான். இரண்டு வேண்டுதல்களுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது. உவமவுருபு ஒன்றும் இவன் வாக்கில் இல்லை. பரிசேயனை அவன் பார்த்ததாகவும் தெரியவில்லை.

அவன் வழங்கிய வினையும் பொதுவான இரக்கத்தைக் கேட்கும் வினையன்று. அதே அதிகாரத்தில் எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்றவன் இயேசுவைக் கூவி அழைக்கையில் வழங்கும் வினை வேறு. அதுவே இரக்கம் வேண்டுவார்க்குப் பொதுவானது. ஆயக்காரனின் வினையோ பலியினாற் பாவம் நீங்கி இறைவன் உவப்படைதலைக் குறிக்கும் சொற்குடும்பத்தைச் சேர்ந்தது. உடன்படிக்கைப் பெட்டியின் மேல் வைக்கப்பட்டதாகத் தமிழ் வேதாகமம் கூறும் கிருபாசனத்திற்குக் கிரேக்க மொழிபெயர்ப்பில் வழங்கும் பெயரும் இவ்வடியிற் பிறந்ததே. கோயிலில் பலி நிகழும் இடத்தைக் கிட்டவும் துணியாது தொலைவில் நின்றவன், அப்பலியின் பயனைத் தனக்கும் கேட்கிறான். இன்னொரு நுட்பமும் உண்டு. தன்னைப் பாவி என்னும்போது அவன் கிரேக்கத்தில் பெயர்க்கு முன் வரும் சுட்டிடைச்சொல்லைச் சேர்த்துக் கூறுகிறான். பாவியருள் ஒருவன் என்பதன்று, பாவியென்றால் தான்தான் என்பது போன்ற தொனி அதனால் எழுகிறது. தமிழில் அத்தகைய இடைச்சொல் இன்மையால் எந்த மொழிபெயர்ப்பாளரும் அதனைக் கொண்டுவர இயலவில்லை. இழப்பு சிறிதுதான் எனினும், ஒப்பிட்டு நோக்க அவனுக்கு வேறு பாவி இல்லை என்னும் கருத்து அதனோடு போய்விடுகிறது.

தலை தாழ்ந்தமையும் மார்பில் அடித்தமையும் ஆயக்காரன் கூற்றில் இல்லை. கதை கூறுவோர் கூற்றில் உள்ளன. அவன் தன் பணிவைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. தான் இறைவனுக்கு ஏற்றவனாகிவிட்டான் என்பதையும் அவன் அறிந்து சென்றதாக இல்லை. அதுவும் இயேசுவின் கூற்றாகவே வருகிறது. பணிவு அதனை உடையவன் கண்ணுக்குப் புலப்படாத பண்பு என்பதை லூக்கா விளக்கவுரையால் அன்றிக் கூற்று அமைப்பினாலேயே உணர்த்திவிடுகிறார்.

இவ்விடத்தில் தமிழை நோக்கித் திரும்புவோம். கிரேக்க, உரோம உலகில் தாழ்ந்தவன் என்பது பெரும்பாலும் இழிவுப்பொருட் சொல்லாகவே வழங்கிற்று. அதனை அறமாக உயர்த்துவதற்குத் தொடக்கக் கிறித்தவர் ஏறத்தாழப் புதுச்சொல்லே படைக்கவேண்டியிருந்தது. தமிழில் அவ்விடர்ப்பாடு எழவில்லை. கிறித்தவம் வந்தபோது, பணிவுமொழி ஒரு பெருங்களஞ்சியமாக ஈண்டு நிறைந்து கிடந்தது. அடியேன், நாயேன், கடையேன், சிறியேன், பேதையேன், ஏழையேன் என்று நாயன்மாரும் ஆழ்வாரும் வழங்கிய சொற்கள் எத்துணை! தன் தாழ்வை நினைந்து உருகுதலை நைச்சியானுசந்தானம் என்று வைணவர் தனியே பெயரிட்டும் போற்றினர். கிறித்தவப் பாவாணர் இக்களஞ்சியத்தின் வாயிலில் நின்று தயங்கியிருப்பின் தமிழில் கிறித்தவப் பக்தியிலக்கியம் என ஒன்று தோன்றியிராது. அவர்கள் எடுத்துக்கொண்டது முறையே.

ஆயினும் மேலே எழுப்பிய இலக்கண வினாவை இச்சொற்களிடமும் எழுப்புதல் வேண்டும். அடியேன், நாயேன், கடையேன் என்பவற்றின் ஈற்றில் நிற்பது எது? பரிசேயனின் ஐந்து வினைகளிலும் நின்ற அதே 'ஏன்' விகுதிதான். தன்னை உயர்த்திப் பேசினாலும் தாழ்த்திப் பேசினாலும் பேச்சு தன்னைப் பற்றியே இருத்தல் கூடும். பத்துப் பாடல்களில் பத்து முறை கடையேன் என்பவன், கடைசியிடத்திற்கும் போட்டியிட்டு அதனைத் தனதாக்கிக்கொள்ளுதலும் உண்டு. அவையடக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாற்கடலை நக்கிக் குடிக்க முயலும் பூனையாகத் தன்னைக் கூறிக்கொண்ட கம்பனை எவரும் எளியவன் என்று இரங்குவதில்லை. உவமையின் அழகை வியந்து பாராட்டுகிறோம். கம்பன் விரும்பியதும் அதுவே. அவையடக்கம் அவையோரை நோக்கியது; ஆதலின் அஃது அங்குக் குற்றமன்று. அதே உத்தி வேண்டுதலுள் புகும்போது, இறைவனுக்கு அருகே ஓர் அவையும் வந்து அமர்ந்துவிடுகிறது.

மொழியே இதற்குச் சான்று பகர்கிறது. தாழ்மையைக் குறித்த நைச்சியம் என்னும் அச்சொல் இன்றைய பேச்சுவழக்கில் எப்பொருளில் வழங்குகிறது? நயமாகப் பேசிக் காரியம் சாதித்துக்கொள்வதையே நைச்சியமாகப் பேசினான் என்கிறோம். விண்ணப்பக் கடிதத்தில் தாழ்மையுடன் என்னும் சொல்லை எழுதுமாறு வகுப்பறையில் நாமே கற்பிக்கிறோம். அச்சொல்லை எழுதுகையில் எந்த மாணவனும் தாழ்ந்துவிடுவதில்லை. பணிவுச்சொல் தேய்ந்தால் வெறுஞ்சொல்லாவதோடு நில்லாது, சில வேளைகளில் தன் எதிர்ப்பொருளையே ஏற்றுவிடுகிறது.

தாழ்மைச்சொல் உயிரோடு இயங்கும் இடத்தையும் காட்டுதல் கடன். மாற்கு, மத்தேயு ஆகிய இருவரும் எழுதியுள்ள நிகழ்ச்சி அது. தீரு நாட்டுப் பகுதியில் யூதரல்லாத பெண்ணொருத்தி தன் மகளின் நோய் தீர வேண்டி இயேசுவிடம் வருகிறாள். பிள்ளைகளின் உணவை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுதல் தகாது என்று அவர் மறுக்கிறார். படிப்பவர் உள்ளத்தை இன்றும் உறுத்தும் மறுமொழி அது. அதன் கடுமையை மழுப்பும் உரைகள் எனக்கு நிறைவு தருவதில்லை. அவளோ அச்சொல்லை மறுக்கவுமில்லை. அதைக் கேட்டு விலகிச் செல்லவுமில்லை. மேசையின் கீழ் விழும் துணிக்கைகள் நாய்க்குட்டிகளுக்கும் உரியவை அல்லவோ என்று அச்சொல்லையே பற்றிக்கொண்டு வாதாடுகிறாள். மகள் நலம் பெறுகிறாள். நாயேன் என்னும் சொல்லில் ஊறிய தமிழ் மாணவனுக்கு இந்நிகழ்ச்சியை விளக்க நெடும்பொழுது வேண்டுவதில்லை. ஆனால் வேறுபாட்டை அவன் காணவேண்டும். இவள் தன்னை நாய் என்று வருணித்துக்கொண்டு நிற்கவில்லை. தன்மேல் விழுந்த சொல்லைத் தன் மகளுக்காகப் பயன்படுத்திக்கொள்கிறாள். அவள் கருத்து முழுவதும் கேட்கும் பொருளில் இருக்கிறது. ஆதலால் பணிவு என்பது கேட்பதைக் கைவிடுதல் ஆகாது. ஆயக்காரன் உவமைக்கு முன்பாகவே, நீதிபதியைத் தொல்லை செய்து நீதி பெற்ற கைம்பெண்ணின் உவமையை லூக்கா வைத்திருப்பதும் இக்கருத்திற்கு அரணாகும்.

தமிழ்க் கிறித்தவப் புலவருள் எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) இவ்விரு மரபுகளின் சந்தியில் நின்றவர். வைணவக் குடியிற் பிறந்து தமிழாசிரியராய் விளங்கி, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. பனியனின் நூலில் பயணி தாழ்மைப் பள்ளத்தாக்கில் இறங்கும்போது கால் சறுக்குகிறது. ஏறுவதைவிட இறங்குவதில் இடர் மிகுதி என்பதை அறிந்தவர் பனியன். பரிசேயனையும் ஆயக்காரனையும் பற்றித் தனி நூலொன்றையே 1685இல் வெளியிட்டவர். கிருட்டிணபிள்ளையின் விருத்தங்களில் கம்பனின் நடை கமழ்கிறது. அதனாலேயே அவர் கிறித்தவக் கம்பர் எனப்பட்டார். எனினும் அந்நடையின் பெருமிதத்தில் நம் வியப்பு புலவரை நோக்கிச் செல்வதைத் தவிர்க்க இயலாது. காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் அவர் அமைத்த இசைப்பாடல்களில் நிலை மாறுகிறது. அங்கே வருணனை குறைந்து விளி மிகுகிறது. செய்தவற்றை அடுக்கும் தன்மை வினைகள் பின்வாங்கி, முன்னிலை வினைகள் முன்வருகின்றன. அப்பாடல்கள் காப்பியத்தைவிட்டுப் பிரிந்து வழிபாட்டில் வழங்கத் தக்கவையாக இருப்பதற்கு இசை மட்டும் காரணமன்று என்பது என் கருத்து.

இதுகாறும் கூறியது சொல்லைப் பற்றியது. சொல்லோடு இது முடிந்துவிட்டால் இவ்வாய்வு இலக்கணப் பயிற்சியாகவே நின்றுவிடும். பரிசேயனின் பக்கவாட்டுப் பார்வைக்குத் தமிழ்க் கிறித்தவ வரலாற்றிலேயே ஒரு சான்றுண்டு. கசப்பானதெனினும் அதனை மறைத்தல் நன்றன்று. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி' முதலிய நூல்களால் தமிழ்க் கிறித்தவ இசைமரபிற்கு அடித்தளம் இட்டவர். அவர் கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன. அவர் காலத்துத் தஞ்சைத் திருச்சபையில் சாதி வேறுபாடு கோயிலுக்குள்ளும் நிலவிற்று. உயர்ந்தோர் எனப்பட்டவர்கள் ஓரிடத்திலும் ஏனையோர் வேறோரிடத்திலும் அமர்ந்தனர். அவ்வேறுபாட்டை விலக்கவேண்டுமென்று மிஷனரிமார் வற்புறுத்தியபோது அதனை எதிர்த்தோருள் சாத்திரியாரும் ஒருவர். 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பான ஆணை விடுத்தார். வேளாளக் கிறித்தவர் பலர் அதற்கு உடன்படாது விலகி நின்றனர். தம் மரபுகளை அயலார் அழிக்க முற்படுகின்றனர் என்னும் அச்சமும் அவ்வெதிர்ப்பில் கலந்திருந்தது; தமிழ் இசையையும் பூவையும் விழாவையும் கூட அந்த மிஷனரிமாருட் சிலர் விரும்பாதிருந்தமை அவ்வச்சத்திற்குக் காரணமாயிற்று. அதனை ஒப்புக்கொண்டாலும் வினா எஞ்சி நிற்கிறது. ஒரே கூரையின் கீழ் அடியேன் என்றும் பாவியேன் என்றும் பாடியவர்கள், சற்றுத் தள்ளி வேறு பாயில் அமர்ந்திருந்தவனைத் தம்மைப் போன்றவனல்லன் என்று கருதினரேல், அப்பாட்டில் ஒலித்தது எவனுடைய வேண்டுதல்? இறைவன்முன் எவ்வளவு தாழ்ந்தாலும், அயலான்முன் இம்மியும் இறங்காத தாழ்மையை அவ்வுவமை தாழ்மையாக ஏற்கவில்லை. சாத்திரியாரின் கவித்துவத்தை இது குறைக்காது. அவருடைய பாட்டைப் பயிலும் மாணவன் இவ்வரலாற்றையும் உடன் பயிலுதல் வேண்டும் என்பதே நாம் கூறுவது.

இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த வேண்டுதலைத் தமிழாக்கியோர்க்கு ஒரு சொல்லில் தேர்வு நேர்ந்தது. தொடக்கத்தில் தந்தையை விளிக்கும் கிரேக்கச் சொற்றொடரில் உள்ள தன்மைப் பன்மை, கேட்போனை உளப்படுத்துவதா விலக்குவதா என்பதைக் காட்டாது. தமிழோ 'நம்', 'எங்கள்' என்று பிரித்தே தீரும். இறைவனையே நோக்கிப் பேசுதலின் 'எங்கள்' என்பதே பொருந்தும். மொழிபெயர்ப்பாளர் அதனையே கொண்டனர். அவ்வேண்டுதல் முழுவதிலும் தன்மை ஒருமை ஓரிடத்தும் இல்லை. உணவு கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் 'எங்களுக்கு' என்னும் நான்காம் வேற்றுமையில்தான். பிற மாந்தர் அதில் ஒரே ஓரிடத்தில் வருகின்றனர். ஒப்பிடப்படுவோராக அன்று, கடன் விடுவிக்கப்பட்டோராக.

முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்ததாகக் கருதப்படும் 'திதாக்கே' என்னும் கிரேக்கக் கையேடு ஒன்றுண்டு. அதன் ஏடு 1873இல் கான்ஸ்தாந்திநோப்பிளில் கண்டெடுக்கப்பட்டு 1883இல் அச்சேறியது. அதன் எட்டாம் அதிகாரம் நோன்பைப் பற்றியது. வேடதாரிகள் வாரத்தில் திங்களும் வியாழனும் நோற்கின்றனர். நீங்கள் அவர்களைப் போலன்றிப் புதனும் வெள்ளியும் நோற்பீராக என்பது அங்குள்ள கட்டளையின் கருத்து. வாரத்திற்கு இருமுறை, அவர்களைப் போலன்றி! கோயிலில் நின்ற பரிசேயன் தன் கணக்கையும் தன் உவமவுருபையும் திருச்சபையின் கையில் கொடுத்துவிட்டே போயிருக்கிறான். அதே அதிகாரத்தில், அடுத்த வரியிலேயே, தன்மை ஒருமை இல்லாத அந்த வேண்டுதல் முழுவதும் எழுதப்பட்டு, நாள்தோறும் மும்முறை அதனைச் சொல்லுமாறு பணிக்கப்பட்டுள்ளது.